தொட்டிலிலே கிடைத்த பட்டயம்

"நீ என்ன சாதி?" என்று எவனாவது கேட்டால் நமக்குச் சினம் பொங்குகிறது. பொங்க வேண்டியதுதான். பிறந்த வீட்டை வைத்து மனிதனுக்கு விலை போடுகிறானே, இவனுக்கு அறிவு வேலை செய்யவில்லையா என்று கேட்கிறோம். படிப்பகத்திலே பேசுகிறோம், மேடையிலே முழங்குகிறோம். அதே நாம் விமான நிலையத்தில் வரிசையில் நிற்கிறோம். மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர், "எந்த நாட்டவர்?" என்று கேட்கிறார். அப்போது சினம் பொங்குவதில்லை. பையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்துப் பணிவோடு நீட்டுகிறோம். அந்தச் சிறு புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது? பிறந்த நாள், பிறந்த ஊர், தந்தை பெயர், தாய் பெயர்! நாம் கற்றது அதில் இல்லை, உழைத்தது இல்லை, எவருக்கு என்ன நன்மை செய்தோம் என்பதும் இல்லை. இன்ன இடத்தில் இன்னாருக்குப் பிறந்தான் என்பதே அதன் சாரம். அதைப் பார்த்துத்தான் ஒருவனுக்குக் கதவு திறக்கிறது, இன்னொருவனுக்கு மூடுகிறது.

பிறவியால் வரும் உயர்வு தாழ்வு பொய் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய நம் நாக்கு, இந்தக் கதவுக்கு முன்னால் மட்டும் ஏன் மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்கிறது?

இந்த முரண்பாட்டை எடுத்துப் பேசும் நூல் ஒன்று 2009-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது. 'தி பர்த்ரைட் லாட்டரி' என்பது பெயர். பிறப்புரிமைக் குலுக்கல் என்று தமிழிலே சொல்லலாம். எழுதியவர் அயெலெட் ஷாக்கார் என்னும் அம்மையார். கனடா நாட்டு டொரன்டோ பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தவர். வெளிவந்து ஆண்டுகள் பல கடந்த நூலை இப்போது எதற்காகத் தூசி தட்டுகிறாய் என்று தோழர்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. 2025 ஜனவரி 20 அன்று, பதவி ஏற்ற அதே நாளில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப் ஓர் ஆணையில் கையொப்பமிட்டார். தாய் உரிய அனுமதியின்றி அந்நாட்டில் இருப்பவளாகவோ, சிறிது காலத்துக்கென வந்தவளாகவோ இருந்து, தந்தையும் குடிமகனோ நிலையான குடியேற்ற உரிமை பெற்றவனோ அல்லன் என்றால், அங்கே பிறக்கும் குழந்தை இனிமேல் அமெரிக்கக் குடிமகன் ஆகாது என்றது அந்த ஆணை. கீழ் நீதிமன்றங்கள் அதைத் தடுத்து நிறுத்தின. வழக்கு உச்ச நீதிமன்றத்தின் வாயில் வரை சென்றது. அந்த ஆணையைத் தாங்குவோரும் தாக்குவோரும் 'நியாயம்' என்ற ஒரே சொல்லைத்தான் வீசிக்கொள்கிறார்கள். எது நியாயம் என்று சட்டப் பேராசிரியர் ஒருவர் ஆற அமர எண்ணி எழுதியதைப் படித்துப் பார்ப்பதில் பயனுண்டு.

நூலின் முன்பாதியில் இருக்கும் கருத்து பெரிது. குடியுரிமை என்பதை நாடு, பற்று, கொடி, பண் என்ற போர்வைகளுக்குள் வைத்தே பார்த்துப் பழகியிருக்கிறோம். ஷாக்கார் அம்மையார் போர்வையை விலக்கிவிட்டு, இது சொத்து என்கிறார். அதுவும் பரம்பரைச் சொத்து. பணக்கார நாட்டுக் குடியுரிமை என்றால் நல்ல மருத்துவம், நல்ல பள்ளி, முதுமையில் உதவித்தொகை, காவலர் நியாயமாக நடப்பார் என்ற துணிவு, உலகில் எங்கு சென்றாலும் மதிப்பு. இவை அனைத்தும் குழந்தை அழுதுகொண்டு வெளியே வந்த நொடியில் அதன் பெயருக்கு எழுதப்பட்டு விடுகின்றன. பிள்ளை அதற்காகச் செய்தது என்ன? பிறந்தது!

இங்கிலாந்திலே பழைய பிரபுக்களின் நிலம் இப்படித்தான் இறங்கிவந்தது. விற்க முடியாது, பிரிக்க முடியாது; தலைமுறை தலைமுறையாக வாரிசுக்கே போய்ச் சேரும்படி கட்டிப் போடப்பட்ட நிலம். குடியுரிமை அதன் மறு பிறவி என்கிறார் ஆசிரியர். அந்த உவமை நம் ஊர்க்காரனுக்கு இன்னும் எளிதாக விளங்கும். நாம் ஜமீன் கண்டவர்கள். பங்கிடவே கூடாத ஜமீன்கள் இவை என்று பட்டியல் போட்டுப் பாதுகாப்பதற்கென்றே 1904-இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் செய்தார்கள். அரண்மனையில் மூத்தவனாகப் பிறந்தால் ஊர்கள் அவனுக்கு. அந்த ஊரில் உழுபவன் வீட்டில் பிறந்தால் ஏர் அவனுக்கு. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது, எங்கள் பாட்டன் சொத்தாயிற்றே என்று ஜமீன்தார்கள் கேட்டார்கள். பாட்டன் சொத்து என்பது ஒரு நியாயமாகுமா என்று நாடு திருப்பிக் கேட்டது. அமெரிக்காவிலும், வர்ஜீனியாவில் இத்தகைய கட்டுநில முறையை 1776-இலேயே ஒழிக்க முன்னின்றவர் ஜெபர்சன். (நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்த அதே ஜெபர்சன்தான். ஒரு பிறவிச் சலுகையை வெட்டிய கை இன்னொன்றைத் தடவிக் கொடுத்தது.) நிலத்தில் ஒழித்த முறையை நாட்டு எல்லையில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோமே என்பதுதான் நூலின் கேள்வி.

அவருக்கு முன்பே, 1987-இல், ஜோசப் கேரன்ஸ் என்ற அறிஞர் ஒரு கட்டுரையில் செல்வநாடுகளின் குடியுரிமையை நிலப்பிரபுத்துவச் சலுகைக்கு ஒப்பிட்டார். பிராங்கோ மிலனோவிச் என்னும் பொருளியல் அறிஞர் உலக வருமானங்களைக் கணக்கிட்டு, மனிதருக்கு மனிதர் உள்ள ஏற்றத்தாழ்வில் பாதிக்குக் குறையாத பங்கு, அவர் எந்த நாட்டில் வாழ்கிறார் என்பதாலேயே விளைகிறது என்று காட்டினார். ஐக்கிய நாடுகள் அவையின் கணக்குப்படி 2024-இல் பிறநாடு சென்று வாழ்வோர் 30 கோடியே 40 லட்சம் பேர். உலக மக்களில் நூற்றுக்கு 3.7 பேர். மற்றவர் எல்லாம் விழுந்த தொட்டிலிலேயே இருப்பவர்கள். ஆகவே, உழைத்தால் உயரலாம் என்ற உபதேசம், எந்த எல்லைக்குள் நின்று உழைக்கிறாய் என்பதைச் சொல்லாமல் விட்ட உபதேசம்.

இதுவரை நூலாசிரியரோடு நமக்கு வழக்கில்லை. வழக்கு தலைப்பிலேயே தொடங்குகிறது.

குலுக்கல் என்கிறாரே, அது பொருந்துமா? தமிழ்நாட்டு அரசு 1968-இல் பரிசுச் சீட்டு நடத்தியதும், 2003-இல் அந்த வாணிபமே இம்மாநிலத்தில் தடை செய்யப்பட்டதும் நாம் அறிந்தவை. சீட்டு வாங்கியவன் காசு கொடுத்து வாங்கினான். விழாவிட்டால் தன்னைத்தான் நொந்துகொண்டான். பிறக்கும் குழந்தை எந்தச் சீட்டையும் வாங்கவில்லை. அது ஒரு புறம் இருக்கட்டும். குலுக்கல் என்றால் யாரும் குற்றவாளி இல்லை என்று பொருளாகிறது. 'அதிர்ஷ்டம்' என்ற பழைய தெய்வம் பின்கதவு வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது! ஒரு குழந்தை எங்கே பிறக்கிறது என்பது தற்செயல்தான். ஆனால் அங்கே பிறந்ததனால் அதற்கு இது உண்டு, இது இல்லை என்பது தற்செயல் அன்று; மனிதர் கூடி, மை தொட்டு எழுதிய சட்டம். தலையெழுத்து என்று சொன்னவர்களிடம், தலையிலே எழுதியவன் எவன், காட்டு என்று கேட்ட இயக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். இங்கே எழுதியவனைக் காட்ட முடியும். அவனுக்கு முகவரி உண்டு. அவன் நாடாளுமன்றத்தில் இருக்கிறான். நூலின் உள்ளே ஆசிரியர் இதை அறிந்தே எழுதுகிறார். தலைப்புத்தான் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அடுத்து, அவர் தரும் மருந்து. பரம்பரைச் சொத்துக்கு வாரிசு வரி போடுவதில்லையா? அதுபோலச் செல்வநாட்டுக் குடிமக்கள்மீது ஒரு பிறப்புரிமை வரி விதித்து, அந்தப் பணத்தை ஏழை நாட்டுக் குழந்தைகளின் நல்வாழ்வுக்குச் செலவிட வேண்டும் என்கிறார். எல்லைகளை எடுத்துவிடுக என்று அவர் சொல்லவில்லை. எல்லை திறந்தால் புறப்பட்டு வருபவர் சிலரே. ஊரிலே கிடக்கும் கோடானுகோடிப் பேருக்கு அதனால் என்ன, அவர்கள் இருக்குமிடத்துக்கு வாய்ப்பு போக வேண்டாமா என்பது அவர் வாதம். எளிதில் தள்ளக்கூடியதன்று. நூற்றுக்கு 3.7 என்ற கணக்கை மேலே பார்த்தோம். ஆயினும், ஜமீன்தார் இருக்கட்டும், வரி மட்டும் கூடுதலாகக் கட்டட்டும் என்று 1948-இல் ஒருவர் சொல்லியிருந்தால் உழவன் என்ன சொல்லியிருப்பான்? வரி கட்டியவன் அரண்மனைக்கு வெளியே வரவில்லை; உழவனும் உள்ளே போகவில்லை. தருமம் என்று தூக்கிப் போடுவதைக் காட்டிலும், உரிமை என்று கேட்டு வாங்கும் வரி மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வாசற்படியைத் தொடாத மருந்து.

நூலின் பின்பாதிக்கு வருவோம். அங்கேதான் நமக்குச் சொந்தமான கதை குறுக்கிடுகிறது.

பிறவிக் குடியுரிமை இரு வழியாக வருகிறது. இந்த மண்ணில் பிறந்தாய், ஆகவே இந்நாட்டான் என்பது மண்வழி. இன்னாருக்குப் பிறந்தாய், ஆகவே இந்நாட்டான் என்பது குருதிவழி. ஆசிரியர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, இரண்டும் பிறவியின் பிள்ளைகளே என்று ஒதுக்குகிறார். ஒரு நாட்டில் பிறந்து, கைக்குழந்தையாகவே வெளியேறி, அதன்பின் அந்த நாட்டை எட்டியும் பாராதவன் குடிமகன். அங்கேயே வளர்ந்து, படித்து, உழைத்து, வரி கட்டுபவன் அயலான்! இது முறையா என்று கேட்கிறார். முறையில்லைதான். ஆகவே, மண்ணையும் பாராதே, குருதியையும் பாராதே, ஒருவனுக்கும் நாட்டுக்கும் உள்ள உண்மையான பிணைப்பைப் பார் என்று மூன்றாவது வழி ஒன்று காட்டுகிறார். பிணைப்புவழி என்று அதை அழைப்போம். வாழ்ந்த காலம், செய்த தொழில், ஊன்றிய உறவு ஆகியவற்றைக் கொண்டு உரிமை தருக என்பது அதன் உட்பொருள். ஏட்டிலே படிக்கும்போது இனிக்கிறது. பகுத்தறிவுக்கும் பொருந்துவதாகத் தோன்றுகிறது.

ஆனால் இந்த மூன்றாவது வழியை ஓர் அரசு முன்பே நடந்து காட்டியிருக்கிறது. வெகு தொலைவில் அன்று. இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடலைத் தாண்டினால் போதும்.

19-ஆம் நூற்றாண்டில் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் திரட்டிக் கூட்டிச்சென்ற மக்கள், இலங்கை மலைகளில் முதலில் காப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்கும் காடு திருத்தினார்கள். லயத்து அறைகளில் பிறந்து, லயத்து அறைகளில் மணந்து, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியபடி தலைமுறைகளைக் கடந்தார்கள். 1947-இல் நடந்த பொதுத்தேர்தலில் அவர்களுடைய இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அடுத்த ஆண்டு நாடு விடுதலை பெற்றது. விடுதலை பெற்ற அரசின் முதன்மையான வேலைகளுள் ஒன்று, அந்த மக்களை அயலார் ஆக்குவது!

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மண்வழியை மறுத்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது; தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. பூட்டன் பிறந்ததற்கு லயத்துக் கூலியிடம் சான்று ஏது? சிங்களச் சிற்றூர் உழவனிடமும் அந்தச் சான்று இருந்திருக்காது. அவனிடம் எவரும் கேட்கவில்லை, அவ்வளவே வேறுபாடு. குருதிவழியின் இயல்பு இது. சட்டம் எல்லாருக்கும் பொதுவாக எழுதப்படும். கேள்வி மட்டும் சிலரை நோக்கிக் கேட்கப்படும்.

அடுத்த ஆண்டு இன்னொரு சட்டம். 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கம். இந்திய, பாகிஸ்தானியக் குடிவாழ்நர்க்கானது. இதுதான் நாம் கருத வேண்டியது. ஏனெனில் இது குருதியைக் கேட்கவில்லை, பிணைப்பைக் கேட்டது! 1946 ஜனவரி 1-க்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது வாழ்ந்திருக்க வேண்டும். போதிய வருமானம் இருக்க வேண்டும். மனைவி மக்களும் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இரண்டாண்டுக்குள் விண்ணப்பம் போட வேண்டும். சொல்லிப் பாருங்கள்: வாழ்ந்த காலம், செய்த தொழில், ஊன்றிய உறவு. ஏட்டிலே கண்ட அளவுகோல்கள்தாமே? எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. உரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேர். ஆறில் ஒருவர்!

பிணைப்பு இல்லாமலா போயிற்று? அந்த மலையைக் காட்டிலும் பெரிய பிணைப்பு எது? நாள்தோறும் ஒருத்தி எத்தனை ராத்தல் கொழுந்து பறித்தாள் என்று தோட்டத்துக் கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். எந்தத் துரையின் செக்ரோலில் அவள் பெயர் ஏறியது என்று தெரியும். ஆனால் பிணைப்பு இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியவன் மேசைக்கு அப்பால் உட்கார்ந்திருந்த அதிகாரி. அண்ணன் திருமணத்துக்கோ அன்னையின் இறுதிச் சடங்குக்கோ தமிழகம் போய்ச் சற்று நீளத் தங்கிவிட்டவளுக்கு வாழ்வின் தொடர்ச்சி அறுந்தது என்று எழுத அவனுக்கு அதிகாரம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவளிடம் தாளைக் கேட்டால், தாள் இல்லை என்பதே விடை. தாள் இல்லை, ஆகவே பிணைப்பு இல்லை!

1949-இலேயே தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்கையும் பறித்தார்கள். 1947-இல் ஏழு இடம் வென்ற மக்களுக்கு 1952 தேர்தலில் ஓர் இடமும் இல்லை. இதில் தமிழருக்கும் ஒரு வெட்கம் உண்டு. மறைத்து என்ன பயன்? தமிழ்க் காங்கிரஸ் தலைவர் பொன்னம்பலம் அப்போது அமைச்சரவையில் அமர்ந்திருந்தார். அந்தக் கட்சி பிளந்து, 1949-இல் செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்ததற்கு மலையக மக்களின் குடியுரிமை ஒரு முதன்மையான காரணம். ஒரே மொழி பேசுவோரிடையிலும், வடக்கே பிறந்தவனுக்கு மலையில் பிறந்தவன் இளைத்தவனாகத் தோன்றினான்.

பிறகு 1964 அக்டோபர் 30. சிறிமாவோ அம்மையாரும் லால்பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றோர் 9,75,000 பேர், இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-இல் அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று பாதியாக வகிர்ந்தார்கள். பாகப் பிரிவினையில் மாடு கன்றுகளைப் பிரிப்பவன்கூட, கன்றைத் தாயோடு விடுவான். அந்த மக்களில் ஒருவரையாவது கேட்டு அந்த எண்ணை எழுதினார்களா? தலைமன்னாரில் கப்பலேறிய மக்கள், தாங்கள் கண்டறியாத 'தாய்நாட்டில்' இறங்கி, நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் அதே கொழுந்தைப் பறிக்கத் தொடங்கினார்கள். இலங்கையில் எஞ்சி நாடற்றிருந்தவர்களுக்கு முழுமையாக வழி பிறந்தது 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டத்தால். 1948 எங்கே, 2003 எங்கே! ஐம்பத்தைந்து ஆண்டு.

இந்தக் கதையை வைத்துக்கொண்டு ஷாக்கார் அம்மையாரின் பின்பாதியைப் படித்தால், அவர் ஒரே தட்டில் வைத்த மண்வழியும் குருதிவழியும் ஒரே எடை அல்ல என்பது புலப்படும். மண்வழியில் அதிகாரியிடம் கெஞ்ச வேண்டியதில்லை. குழந்தை பிறந்தது, செவிலி பார்த்தாள், பதிவேட்டில் ஏறியது. தீர்ந்தது! நீ நல்லவனா, மொழி தெரியுமா, வருமானம் உண்டா, விசுவாசம் உண்டா என்று எவனும் நாடி பிடித்துப் பார்க்க முடியாது. மண் புனிதமானது என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை; மண் மண்தான். ஒரு நாட்டுக்குள்ளேயே தலைமுறைதோறும் உழைத்துக்கொண்டு, உரிமையின்றிப் பிறந்து உரிமையின்றி இறக்கும் ஒரு புதிய சாதி உண்டாகாமல் தடுக்க, இதுவரை மனிதன் கண்ட வேலிகளில் இதுவே உறுதியானது.

அமெரிக்காவின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பின மக்கள் குடிமக்களாக முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. உள்நாட்டுப் போரில் குருதி ஆறு ஓடியபின், 1868-இல் 14-ஆம் திருத்தம் வந்தது: அந்நாட்டு ஆளுகைக்கு உட்பட்டு அங்கே பிறந்தவர் எல்லாம் குடிமக்கள். பிறவி அடிமைத்தனத்தின் வேரை அறுக்கப் பிறந்த விதி அது. பிறப்பை வைத்தே பிறவி இழிவை ஒழித்த விந்தை. சீனரை உள்ளே விடாதே என்று 1882-இல் சட்டம் போட்ட அதே நாடு, சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் என்பவரை 1895-இல் துறைமுகத்திலேயே தடுத்தபோது, இவர் அமெரிக்கரே என்று 1898-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. மண்ணின் பெயரால் எழுதப்பட்ட அந்த விதி, அம்மண்ணின் தொல்குடிகளை மட்டும் 1924 வரை முழுமையாக உள்ளே சேர்க்கவில்லை என்பது தனிக் கொடுமை.

ஜெர்மனியோ குருதிவழிக்குக் கண்ணாடி. 1961-இல் ஒப்பந்தம் போட்டுத் துருக்கியரை ஆலைகளுக்கு அழைத்தார்கள். அவர்களுடைய மக்களும் பேரரும் ஜெர்மனியிலேயே பிறந்து, ஜெர்மன் மொழியிலேயே படித்து வளர்ந்தும், 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அயலாராகவே இருந்தார்கள். உருசியாவில் பல தலைமுறை வாழ்ந்த ஜெர்மன் மரபினருக்கோ கதவு திறந்திருந்தது. 2000-ஆம் ஆண்டில்தான் அங்கே பிறந்த அயலார் குழந்தைகளுக்கு, பெற்றோர் வாழ்ந்த காலத்தை அளந்து, வழி திறந்தார்கள்.

இனி, குடியேற்றத்தைக் காட்டி மண்வழியைச் சாடுவோரின் வாதம். முறைகேடாக எல்லை தாண்டி வருகிறார்கள், குழந்தை பெறுகிறார்கள், அந்தக் குழந்தைக்குக் குடியுரிமை கிடைக்கிறது. இது சட்டத்தை மீறியவனுக்குப் பரிசு அல்லவா என்கிறார்கள். எல்லை தாண்டியவன் யார்? பெற்றவன். உரிமை இழப்பவன் யார்? பிள்ளை. முன்னவன் செய்த வினை பின்னவன் தலையில் விடியும் என்ற இந்தத் தத்துவத்தை நாம் எங்கோ கேட்டிருக்கிறோமே! கர்மவினை என்று புராணிகன் சொன்னபோது, கண்ணால் காணாத பிறவியின் குற்றத்துக்குக் கண்முன் நிற்பவனைத் தண்டிப்பதா என்று கேட்டோம். அதே கோட்பாடு கறுப்பு அங்கி அணிந்து, சட்டப் பிரிவு எண்ணைக் கையில் ஏந்தி வரும்போது அடையாளம் தெரியாமல் போவானேன்? எல்லையைக் காப்பது அரசின் உரிமை என்றால், அதை எல்லையிலே காக்கட்டும்; தொட்டிலிலே காக்க வேண்டாம்.

இந்தியாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1947 ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பொருள் வந்தபோது, மண்வழியே பரந்த நோக்குடையது, இனவழி பார்ப்பது குறுகியது என்ற பொருள்பட வாதிட்டவர் வல்லபாய் படேல். 1955-ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கே பிறந்தாரை எல்லாம் குடிமக்கள் என்றது. பிறகு கதவு சிறிது சிறிதாகச் சாத்தப்பட்டது. 1987 ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவர் குடிமக்களாக இருக்க வேண்டும் என்றார்கள். 2004 டிசம்பர் 3 முதல், ஒருவர் குடிமகனாக இருந்தும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி என்றால் பிள்ளைக்கு உரிமை இல்லை என்றார்கள். மண்ணில் தொடங்கிக் குருதிக்கு வந்து சேர்ந்தோம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தமோ மதத்தையும் தராசில் ஏற்றியது. மூன்று அண்டை நாடுகளையும் ஆறு சமயங்களையும் பெயர் சொல்லிக் குறித்தது. அந்த நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை.

மண்வழியும் முழு நியாயம் அன்று என்பதை மறைக்கமாட்டேன். ஆற்றின் அக்கரையில் பிறந்த மெக்சிகோக் குழந்தைக்கு அமெரிக்காவின் 14-ஆம் திருத்தத்தால் ஒரு பயனும் இல்லை. அந்தக் குழந்தை வளர்ந்து, இக்கரைக்கு வந்து, இருபதாண்டு தக்காளி பறித்த பின்னும் திருட்டுத்தனமாக வாழ வேண்டியிருந்தால், அங்கே ஷாக்கார் அம்மையாரின் பிணைப்புவழி பயன்பட வேண்டும். ஆனால் அது மண்வழியை அகற்றிவிட்டு அதன் இடத்தில் அமரக்கூடாது. அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். அளவுகோலும் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும்: காலம். இத்தனை ஆண்டு வாழ்ந்தாய், உரிமை உன்னுடையது. வருமானம், ஒழுக்கம், விசுவாசம் என்று அதிகாரியின் கண்ணுக்குத் தக்கபடி நீளவும் குறுகவும் கூடிய முழக்கோல் எதையும் அங்கே சேர்க்கக்கூடாது. நூலாசிரியர் சட்டம் கற்றவர். நல்லெண்ணம் உடைய நீதிபதியை மனத்தில் வைத்து எழுதுகிறார். 1949-இன் இலங்கை அதிகாரியை மனத்தில் வைத்து எழுதியிருந்தால் அந்தப் பின்பாதி வேறு விதமாக அமைந்திருக்கும். அறிவுக்கூர்மை மிக்க இந்நூலின் குறை என நான் கருதுவது இது ஒன்றே. சிறிய குறை அன்று.

நம் இளைஞர் மன்றங்களில் இதைக் கூடிப் படிப்பது நல்லது. படிக்கும் தோழர்களுக்கு ஓர் இடத்தை மட்டும் நினைவூட்டுகிறேன்: மண்டபம். தோட்டக் கூலிகளைக் கொண்டுசென்ற காலத்தில், நோய் இருக்கிறதா என்று தடுத்து வைத்துப் பார்த்துவிட்டு இலங்கைக்குக் கப்பலேற்றிய முகாம் அங்கேதான் இருந்தது. 1983-க்குப் பின் உயிர் தப்பி ஓடிவந்த மக்களை ஏற்று வைத்ததும் அதே மண்டபம். அவர்களுள் மலையக வழியினரும் உண்டு. போகும்போது பாட்டன் கண்ட மதிலைத் திரும்பும்போது பேரன் கண்டான். தமிழ்நாட்டு முகாம்களில் இன்றும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள் என்பதை 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதுவரை அவர்களும் அகதிப் பதிவேட்டிலேதான் இருந்தார்கள். ஒரே முகாம், ஒரே தாய், ஒரே கூரை. அண்ணன் 1987 ஜூன் 30-இல் பிறந்திருந்தால் குடிமகன். தம்பி அடுத்த ஆண்டு பிறந்திருந்தால் அகதி. உங்கள் ஊர்ப்பக்கத்து முகாமிலிருந்து அத்தகைய தம்பி ஒருவரை அழைத்து வந்து பக்கத்தில் அமர்த்திக்கொண்டு படியுங்கள். நூலின் பின்பாதியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அதிலே சொல்வதற்கு நிறைய இருக்கும்.